உறக்கத்தில் மூச்சு நின்றுபோகிறவர்கள் தாங்கக்கூடிய சிகிச்சையைக் கண்டடைவது எப்படி

குறட்டை திடீரென்று அறுந்து, அறையே அமைதியாகிவிடும் அந்தச் சில விநாடிகளை, தூங்குகிறவரைவிடப் பக்கத்தில் படுத்திருப்பவர்தான் முதலில் கவனிக்கிறார். என்னிடம் அதைச் சொன்னவர் என் மனைவி. இருட்டில் உட்கார்ந்துகொண்டு என் மூச்சு மீண்டும் வருகிறதா என்று எண்ணிக்கொண்டே இருந்ததாக அவர் சொன்னபோது, களைப்பினால் வந்த குறட்டை என்று தட்டிக்கழித்துவிட்டேன். பல மாதங்கள் கழித்தே பரிசோதனைக்குப் போனேன். அந்தத் தாமதத்தை நினைத்து இன்றும் வருந்துகிறேன். ஆகவே, உடன் உறங்குகிறவர் இப்படி ஒன்றைச் சொன்னால் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டிய முதல் அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

விழித்திருக்கும்போது தொண்டையைச் சுற்றியுள்ள தசைகள் விறைப்பாக இருந்து மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கின்றன. உறங்கியதும் அவை தளர்கின்றன. நாக்கின் அடிப்பகுதியும் மேலண்ணத்தின் மென்மையான பின்பகுதியும் சரிந்து பாதையை அடைக்கின்றன. மார்பும் வயிறும் மூச்சை இழுக்கப் போராடினாலும் காற்று உள்ளே போவதில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் குறையக் குறைய மூளை பதறி, உறங்குகிறவரை ஓரிரு விநாடிகள் உலுக்கி எழுப்புகிறது. அவர் பெருமூச்சோடு காற்றை இழுத்துவிட்டு மறுபடி உறக்கத்தில் ஆழ்கிறார். காலையில் இதில் ஒன்றுகூட நினைவில் இருக்காது. அடைப்பினால் வரும் இந்த வகையே மிகப் பரவலானது. மூச்சு விடும்படி மூளையிலிருந்து கட்டளையே வராமல் போகும் இன்னொரு வகையும் உண்டு. அதற்கான மருத்துவம் வேறு என்பதால் இங்கே அதை அதிகம் தொடவில்லை.

பகல் தூக்கம், காலைத் தலைவலி, விழிக்கும்போது வறண்ட வாய், எத்தனை மாத்திரை போட்டாலும் இறங்காத ரத்த அழுத்தம் ஆகியவை தெரிந்த அறிகுறிகள். இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுவதும் இதனால் இருக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அடைபட்ட தொண்டைக்கு எதிராக மூச்சை இழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் குறைந்து இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. உடலில் நீர் மிகுந்துவிட்டதாகத் தவறாக எண்ணிக்கொண்டு இதயம் சிறுநீரைக் கூட்டும் ஹார்மோனைச் சுரக்கிறது. உடல் பருத்தவர்களுக்கு மட்டுமே இந்த நோய் வரும் என்பதும் பிழை. தாடை சிறிதாகப் பின்தள்ளி அமைந்தவர்களுக்கும் டான்சில் பெருத்தவர்களுக்கும் மெலிந்த உடலிலேயே வரும். பெண்களிடம், குறிப்பாக மாதவிடாய் நின்ற பிறகு, இது உரத்த குறட்டையாக இல்லாமல் தூக்கமின்மையாகவும் சோர்வாகவும் தலைகாட்டுவதால் நீண்ட காலம் கண்டுபிடிக்கப்படாமலே போகிறது.

பரிசோதனைத் தாளைக் கேட்டு வாங்குங்கள்

உறக்க ஆய்வகத்தில் ஓர் இரவு தங்கி, மூளை அலைகள், மூச்சு, ஆக்சிஜன், இதயத் துடிப்பு அனைத்தையும் பதிவுசெய்வது முழுமையான சோதனை. வீட்டிலேயே சிறு கருவியை மாட்டிக்கொண்டு தூங்குவது எளிய சோதனை. எளிய சோதனைக் கருவிகளில் பல, நீங்கள் உண்மையில் எவ்வளவு நேரம் உறங்கினீர்கள் என்பதை அளப்பதில்லை. விழித்துக் கிடந்த நேரத்தையும் சேர்த்து வகுப்பதால் நோயின் கடுமை குறைவாகத் தெரியக்கூடும். எனவே அறிகுறிகள் பலமாக இருந்தும் வீட்டுச் சோதனை ஒன்றுமில்லை என்று சொன்னால், ஆய்வகச் சோதனையைக் கேட்பது நியாயமே.

மணிக்கு எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற எண்ணை ஏஎச்ஐ என்பார்கள். ஒவ்வொரு தடையும் குறைந்தது 10 விநாடி நீடித்தால்தான் கணக்கில் வரும். 5 முதல் 15க்குள் இருந்தால் லேசானது, 15 முதல் 30க்குள் நடுத்தரம், 30க்கு மேல் கடுமையானது. பலர் இந்த ஓர் எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு எழுந்து வந்துவிடுகிறார்கள். அறிக்கையின் முழுப் பிரதியைக் கேட்டு வாங்கி மூன்று செய்திகளைத் தேடிப் பாருங்கள்: மல்லாந்து படுத்தபோது எத்தனை, பக்கவாட்டில் படுத்தபோது எத்தனை; ஆக்சிஜன் எந்த அளவுவரை இறங்கியது; நிகழ்ந்தவற்றில் அடைப்பினால் வந்தவை எவ்வளவு, மூளைக் கட்டளை இல்லாமல் வந்தவை எவ்வளவு. எந்தச் சிகிச்சை ஒத்துவரும் என்ற கேள்விக்குப் பாதி விடை அந்தத் தாளிலேயே இருக்கும்.

சிபாப் கருவியோடு முதல் சில வாரங்கள்

1980இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர், மூக்கு வழியாக மெல்லிய அழுத்தத்தில் தொடர்ந்து காற்றைச் செலுத்தித் தொண்டை மூடாமல் தடுத்துக் காட்டினார். அடுத்த ஆண்டு அது மருத்துவ இதழில் வெளியானது. அதற்கு முன்பு, கடும் நோயாளிகளுக்குக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பதுதான் முதன்மையான வழியாக இருந்தது. இன்றைய சிபாப் கருவியும் அதே வேலையைத்தான் செய்கிறது. சரியும் கூரைக்கு முட்டுக்கொடுப்பதுபோல், அறையிலுள்ள சாதாரணக் காற்றையே கொண்டு தொண்டைக்கு முட்டுக்கொடுக்கிறது. இதில் ஆக்சிஜன் சிலிண்டர் எதுவும் இல்லை. அழுத்தத்தைச் சென்டிமீட்டர் நீர்மட்டம் என்ற அலகில் அளப்பார்கள்; அது வழக்கமாக 4 முதல் 20க்குள் இருக்கும்.

மருத்துவ ரீதியில் இது மிக நன்றாக வேலை செய்கிறது. ஆனால் வாங்கியவர்களில் கணிசமானோர் சில வாரங்களிலேயே கழற்றி வைத்துவிடுகிறார்கள். அப்படிக் கழற்றியவர்களிடம் பேசிப் பார்த்ததில், அவர்களில் பெரும்பாலோருக்குக் கருவி ஒத்துவராமல் போகவில்லை என்றே எனக்குப் படுகிறது. மாஸ்க் பொருந்தவில்லை, மூக்கு அடைத்திருந்தது, அழுத்த அமைப்பு சரியில்லை என்று, திருத்தக்கூடிய ஏதோ ஒன்று திருத்தப்படாமலே இருந்திருக்கிறது.

முதலில் மாஸ்க். மூன்று வகைகள் உண்டு: மூக்குத் துளைகளில் மட்டும் பொருந்தும் சிறு மெத்தை, மூக்கை மூடுவது, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது. மூக்கால் மூச்சுவிட முடிந்தவர்கள் முதல் இரண்டில் ஒன்றில் தொடங்குவதே நல்லது. பெரிய மாஸ்க்கில் கசிவு அதிகம். பலருக்கு அதில் கூடுதல் அழுத்தமும் தேவைப்படுகிறது. இடுங்கிய இடத்தில் மூச்சுமுட்டுவதுபோல் உணர்கிறவர்களுக்குத் துளையில் பொருந்தும் சிறு மெத்தை, முகத்தில் ஏதோ இருக்கிறது என்ற உணர்வை வெகுவாகக் குறைக்கும்.

மாட்டும் முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கருவியின் மீதான வெறுப்பு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. முகத்தைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். தோலின் எண்ணெய்ப் பசை சிலிக்கானை வழுக்கச் செய்யும். பிறகு நீங்கள் வழக்கமாகத் தூங்கும் நிலையில் படுங்கள். உட்கார்ந்திருக்கும்போதும் படுத்திருக்கும்போதும் முகத்தின் சதை ஒரே மாதிரி அமைவதில்லை. கடையில் நாற்காலியில் உட்கார்ந்து சரிபார்த்த மாஸ்க் இரவில் கசிவதற்கு இதுவே காரணம். பட்டைகளைத் தளர்த்தி, கருவியை ஓடவிட்டு, மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு விரலளவு முன்னால் இழுத்துவிடுங்கள். சிலிக்கானின் மெல்லிய உள்விளிம்பு காற்றால் உப்பி விரிவது தெரியும். அப்படியே மெதுவாக முகத்தில் அமர விட்டு, கசிவு நிற்கும் அளவுக்கு மட்டும் இரு பக்கப் பட்டைகளையும் சமமாக இறுக்குங்கள். பட்டைக்கு அடியில் ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும்.

நான் இரண்டு மாதங்கள் இதற்கு நேர்மாறாகச் செய்துகொண்டிருந்தேன். இடது கண்ணில் காற்று சீறும், பட்டையை இறுக்குவேன், இன்னும் சீறும், இன்னும் இறுக்குவேன். காலையில் மூக்குத்தண்டில் சிவந்த பள்ளம் இருக்கும். ஒரு டெக்னீஷியன் என்னைப் படுக்கவைத்து, இரு பக்கப் பட்டைகளையும் அரை அங்குலம் தளர்த்தினார். சீறல் நின்றுவிட்டது. இறுக்க இறுக்க அந்த மெல்லிய விளிம்பு மடிந்து நசுங்கி, கசிவுக்கு வழி திறந்துவிடுகிறது என்பதை அப்போதுதான் புரிந்துகொண்டேன்.

முகத்தில் மாஸ்க் இருந்தாலே நெஞ்சு படபடப்பவர்கள் இரவில் தொடங்க வேண்டாம். பகலில், விழித்திருக்கும்போது, குழாயை இணைக்காமல் மாஸ்க்கை மட்டும் கையால் முகத்தில் பிடித்துச் சில நிமிடம் பழகுங்கள். அது இயல்பானதும் பட்டையை மாட்டுங்கள். பிறகு காற்றை ஓடவிட்டு, படித்துக்கொண்டோ தொலைக்காட்சி பார்த்துக்கொண்டோ அரை மணிநேரம் இருங்கள். அதன்பின் பகலில் சிறு தூக்கம் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் மனம் அமைதியாகும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். இதற்கு ஒரு வாரமோ மூன்று வாரமோ ஆகலாம். அது வீணான நேரம் அல்ல.

மற்றத் தொல்லைகள் ஒவ்வொன்றுக்கும் வழி இருக்கிறது. மூக்கு வறண்டு எரிந்தாலோ அடைத்துக்கொண்டாலோ ஈரப்பதமூட்டியைக் கூட்டுங்கள். உப்புநீரால் மூக்கைக் கழுவுவது உதவும். நாள்பட்ட ஒவ்வாமை இருந்தால் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஈரத்தைக் கூட்டியபின் குழாயில் நீர்த்துளிகள் சேர்ந்து குளுகுளுவென்று சத்தம் வந்தால், வெதுவெதுப்பாகச் சூடேறும் குழாயை வாங்குவதோ குழாயின் மேல் துணியுறை போடுவதோ அதைத் தீர்க்கும். மூச்சை வெளியே விடும்போது காற்று எதிர்த்துத் தள்ளுவதுபோல் இருந்தால், வெளிமூச்சின்போது அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கும் வசதி பெரும்பாலான கருவிகளில் உண்டு. தூங்கத் தொடங்கும்போது குறைந்த அழுத்தத்தில் ஆரம்பித்து மெல்ல ஏற்றும் ராம்ப் வசதியும் உண்டு. ஆனால் அது மிகக் குறைந்த அளவில் தொடங்கினால் காற்று போதாமல் மூச்சு முட்டுவதுபோல் இருக்கும் என்பதால், அந்தத் தொடக்க அளவைச் சற்று உயர்த்தச் சொல்லலாம். வயிற்றுக்குள் காற்று புகுந்து உப்புசமும் ஏப்பமும் வந்தால் அழுத்தம் தேவைக்கு அதிகமாக இருக்கக்கூடும். மருத்துவரிடம் சொல்லித் திருத்துங்கள். இரவில் வாய் திறந்து காற்று வெளியேறினால், முதலில் மூக்கடைப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு தாடைப் பட்டையையோ பெரிய மாஸ்க்கையோ நினைக்கலாம்.

ஒரே இரவில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி மூன்று நான்கு இரவுகள் பார்த்து, ஒரு சிறு நோட்டில் எழுதிவையுங்கள். அதோடு, கருவி தானே பதிவுசெய்யும் மூன்று எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை மணிநேரம் பயன்படுத்தினீர்கள், கசிவு எவ்வளவு, மிச்சமிருக்கும் ஏஎச்ஐ எவ்வளவு. கடைசி எண் 5க்குக் கீழ் இருப்பது இலக்கு. அது நெடுநாள் உயர்ந்தே இருந்தால், கசிவு காரணமாக இருக்கலாம், அழுத்தம் போதாமல் இருக்கலாம், அல்லது சிபாப் தொடங்கியபின் சிலருக்குத் தோன்றும் மூளைக் கட்டளைத் தடையாகவும் இருக்கலாம். அதை மருத்துவர்தான் பிரித்தறிய வேண்டும்.

ஓர் இரவில் 4 மணிநேரம் பயன்படுத்தினால் போதும் என்று பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அது ஒழுங்காகப் பயன்படுத்துகிறாரா என்று கணக்கிடுவதற்கு வைத்துக்கொண்ட குறைந்தபட்ச அளவே தவிர, உடலுக்குப் போதுமான அளவு அன்று. கனவுகள் வரும் ரெம் உறக்கம் பெரும்பாலும் இரவின் பிற்பகுதியில்தான் வருகிறது. அந்த நேரத்தில் தசைகள் மிகவும் தளர்ந்திருப்பதால் பலருக்கு மூச்சுத்தடை அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். விடியற்காலை 3 மணிக்கு மாஸ்க்கைக் கழற்றுகிறவர் மிகவும் தேவையான நேரத்தில் துணையில்லாமல் கிடக்கிறார். நடுவில் கழற்றியிருப்பதை உணர்ந்தால், மறுபடி மாட்டிக்கொண்டு படுங்கள். கழிப்பறை போய்வந்த பிறகும் அப்படியே.

மாஸ்க்கின் மெத்தையைத் தினமும் துடைத்து, தண்ணீர்த் தொட்டியில் நாள்தோறும் புதிதாகக் காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, வாரம் ஒருமுறை மென்சோப்பால் எல்லாவற்றையும் கழுவினால் போதும். ஓசோன் வாயுவால் சுத்தம் செய்யும் பெட்டிகள் தேவையில்லை. அந்த வாயு நுரையீரலை உறுத்தும். மாஸ்க்குகள் சிலவற்றில் காந்தம் இருக்கும். பேஸ்மேக்கர் போன்ற கருவிகளை உடலில் பொருத்தியவர்களும், அவர்கள் பக்கத்தில் உறங்குகிறவர்களும் வாங்கும் முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிபாப் உண்மையிலேயே முடியவில்லை என்றால்

மேலே சொன்னவற்றை எல்லாம் பொறுமையோடு முயன்ற பிறகும் முடியாதவர்கள் இருக்கிறார்கள். அது அவர்களுடைய மனவுறுதிக் குறைவு அல்ல; வேறு வழியைக் கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. சிகிச்சையே இல்லாமல் இருந்துவிடுவதைத்தான் தவிர்க்க வேண்டும்.

லேசான அல்லது நடுத்தர நோய்க்குத் தாடையை முன்னால் நிறுத்தும் வாய்க்கருவி நல்ல மாற்று. உறக்க நோய்களில் பயிற்சி பெற்ற பல் மருத்துவர் பற்களின் அச்செடுத்துச் செய்து, வாரக்கணக்கில் சிறுகச் சிறுகத் தாடையை முன்னகர்த்துவார். வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவமைக்கும் மலிவான கருவிகள் இதற்கு ஈடாகா. ஏஎச்ஐயைக் குறைப்பதில் இது சிபாப்பைவிடப் பின்தங்கியதே. ஆனாலும் பலர் இதைக் கூடுதல் மணிநேரம் அணிந்துகொள்வதால், பகல் தூக்கமும் ரத்த அழுத்தமும் குறைவதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாமல் போவதுண்டு. காலையில் தாடை வலிப்பதும், ஆண்டுகள் போகப்போகப் பற்களின் கடி சற்று மாறுவதும் இதன் குறைகள். அசையும் பற்களோ தாடை மூட்டு நோயோ உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல.

அறிக்கையில் மல்லாந்த நிலையில் மட்டும் எண்ணிக்கை பெருகி, பக்கவாட்டில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தால், படுக்கும் நிலையை மாற்றுவதே பாதி மருந்து. முதுகுப்புறம் பந்து தைத்த சட்டை பழைய உத்தி. வேலை செய்யும், ஆனால் நெடுநாள் தாங்குகிறவர்கள் குறைவு. மல்லாந்தால் மெல்ல அதிரும் சிறு கருவிகளைத் தாங்குவது எளிது.

பருமன் உள்ளவர்களுக்கு எடை குறைப்பு நோயின் வேரையே தொடுகிறது. 2024 டிசம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், பருமனோடு நடுத்தர அல்லது கடும் நோய் உள்ள பெரியவர்களுக்கு டிர்செபடைடு என்னும் ஊசிமருந்தை அனுமதித்தது. இந்த நோய்க்கென்றே அனுமதி பெற்ற முதல் மருந்து அது. எடை இறங்க மாதங்கள் ஆகும். அதுவரை வேறு சிகிச்சை தொடர வேண்டும். நாக்கு, தொண்டைத் தசைகளுக்கான பயிற்சிகளும் சிலருக்கு உதவுகின்றன. சுவிட்சர்லாந்தில் நடந்து 2006இல் வெளியான சிறு ஆய்வொன்றில், டிஜெரிடூ என்னும் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் ஊதுகுழலை 4 மாதம் ஊதிப் பழகியவர்களுக்கு மூச்சுத்தடையும் பகல் தூக்கமும் குறைந்தன. துணையாக வைத்துக்கொள்ளலாம், இதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

அறுவை சிகிச்சைகளில், குழந்தைகளுக்கு டான்சிலையும், மூக்குக்குப் பின்னாலுள்ள அடினாய்டு சதையையும் அகற்றுவதே வழக்கமாக முதலில் செய்யப்படுவது. பெரியவர்களுக்கு மேலண்ணத்தை வெட்டிச் சீராக்குவதன் பலன் ஆளுக்கு ஆள் மாறும். இரு தாடைகளையும் முன்னகர்த்தும் அறுவை பெரியது, பலனும் பெரியது. மூக்கின் நடுச்சுவர் வளைவைச் சரிசெய்வது தனியாக நோயைத் தீர்ப்பது அரிது. ஆனால் அதன்பின் சிபாப்பைத் தாங்க முடிந்தவர்கள் பலர். நாக்கை அசைக்கும் நரம்பைத் தூண்டும் கருவியை மார்பில் பதிக்கும் முறைக்கு அமெரிக்காவில் 2014இல் அனுமதி கிடைத்தது. அதற்குத் தகுதி உண்டா என்பதைத் தொண்டையைக் குழாய்க் கேமராவால் பார்த்தபின்தான் சொல்வார்கள்.

எந்தச் சிகிச்சையில் இருந்தாலும் சிலவற்றில் விட்டுக்கொடுக்க முடியாது. தூக்கம் கண்ணைக் கட்டும்போது வண்டி ஓட்டாதீர்கள். சிகிச்சை பிடிபடும்வரை நெடுந்தூரப் பயணத்தில் வேறொருவர் ஓட்டட்டும். படுக்கும் முன் மது வேண்டாம். தூக்க மாத்திரையோ வலிக்கான ஓபியம் வகை மருந்தோ எழுதிக்கொடுத்தால், உங்களுக்கு இந்த நோய் இருப்பதை அந்த மருத்துவரிடம் சொல்லுங்கள். எந்த அறுவைக்கும் முன்னால் மயக்க மருத்துவரிடம் சொல்லி, கருவியையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

வாய்க்கருவிக்கு மாறினாலும், எடை நன்றாகக் குறைந்தாலும், அறுவை முடிந்தாலும், புதிய நிலையில் உறக்கப் பரிசோதனையை மறுபடி செய்துகொள்ளுங்கள். குறட்டை ஓய்ந்துவிட்டதென்று வீட்டார் மகிழ்ந்த பிறகும், சத்தமில்லாமல் மூச்சு நின்றுகொண்டிருக்கலாம். அதை அளந்துதான் அறிய முடியும். அந்த முடிவு கைக்கு வரும்வரை பழைய சிபாப்பைக் கட்டிலருகிலேயே வைத்திருங்கள்.